அப்லேஷனுக்குப் பிறகும் இதயத் துடிப்பு தடுமாறினால்: பார்க்க வேண்டியவை, செய்ய வேண்டியவை

துடிப்புக் கோளாற்றை நிறுத்த இதயத் திசுவில் தழும்பை உண்டாக்கும் அப்லேஷன் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய சில வாரங்களில் நெஞ்சு மறுபடி படபடத்தால் பலர் இரண்டில் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். ஒன்று, 'இவ்வளவு செலவு செய்தும் பலனில்லை' என்று மனம் விட்டு மாத்திரைகளை நிறுத்துகிறார்கள். இல்லையென்றால், 'அதைத்தான் சரிசெய்தாகிவிட்டதே, இது வாயுத் தொல்லையாக இருக்கும்' என்று சும்மா இருந்துவிடுகிறார்கள். இரண்டும் ஆபத்தானவை. துடிப்பு தடுமாறுகிறது என்றால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: சிகிச்சை முடிந்து எத்தனையாவது வாரம், ஈசிஜியில் அது என்ன துடிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரை ஒருவேளைகூட விடாமல் போகிறதா? அடுத்து என்ன செய்வது என்பது பெரும்பாலும் இந்த மூன்றை வைத்தே முடிவாகிறது.

இங்கே பேசுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்காக, சுருக்கமாக ஏ.எஃப்.-க்காக, அப்லேஷன் செய்துகொண்டவர்களுக்கு. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும் கோளாறு இது. எஸ்.வி.டி. என்று சொல்லப்படும் திடீர் வேகத் துடிப்புக்கும், வலது மேலறையில் மின்துடிப்பு வட்டமாகச் சுற்றும் வழக்கமான ஃப்ளட்டருக்கும் அப்லேஷன் செய்தால் திரும்பி வருவது குறைவு. ஏ.எஃப். அப்படியல்ல. முதல் முயற்சியிலேயே முழுசாக நின்றுவிடாதவர்கள் கணிசமானவர்கள். இதைச் சிகிச்சைக்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் திரும்பி வருகிறது

1998-ல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசாகேர் குழுவினர் 45 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். ஏ.எஃப்.-ஐத் தூண்டும் துடிப்புகள் கிளம்பிய இடங்களில் 94 சதவீதம் நுரையீரல் சிரைகளுக்குள் இருந்தன. நுரையீரலிலிருந்து ரத்தத்தை இடது மேலறைக்குக் கொண்டுவரும் குழாய்கள் அவை. பெரும்பாலோருக்கு நான்கு இருக்கும். இன்றுவரை ஏ.எஃப். அப்லேஷனின் அடிப்படை இதுதான். ஒவ்வொரு சிரையின் வாயைச் சுற்றியும் வட்டமாகத் தழும்பை உண்டாக்கி, உள்ளே கிளம்பும் மின்துடிப்பு மேலறைக்குள் வராமல் தடுக்கிறார்கள். ரேடியோ அலையின் வெப்பம், பலூனால் உறையவைக்கும் குளிர், அண்மையில் வந்த மின்புல முறை என்று எதைப் பயன்படுத்தினாலும் நோக்கம் ஒன்றே.

வயலைச் சுற்றி முள்வேலி போட்டு ஓரிடத்தில் ஓர் ஆள் நுழையும் இடைவெளி விட்டால் ஆடு உள்ளே வந்துவிடும். திரும்பி வருவதற்குப் பெரிய காரணம் இங்கேயும் அதுவே. சிகிச்சையன்று சில இடங்களில் திசு சாகாமல் வீங்கி மட்டும் இருக்கும். அப்போது மின்சாரம் போகாததால் சோதனையில் 'முழுதாக அடைபட்டது' என்றே காட்டும். வாரங்கள் கழித்து வீக்கம் வடியும்போது செல்கள் பிழைத்து மீண்டும் கடத்தத் தொடங்கும். சுவர் தடித்த இடங்களிலும், கருவி சரியாக அழுந்தாத மூலைகளிலும் இது அதிகம்.

சிரைகளுக்கு வெளியே மேற்பெருஞ்சிரை, இடது மேலறையின் பின்சுவர், கரோனரி சைனஸ் (இதயத் தசையின் ரத்தம் வந்து சேரும் சிரை) போன்ற இடங்களிலிருந்து தூண்டல் வருவது இரண்டாவது காரணம். தழும்புகளைச் சுற்றிப் புதிதாக ஒரு மின்சுற்று உருவாகி ஃப்ளட்டராக ஓடுவது மூன்றாவது. சிரைகளோடு நில்லாமல் மேலறையில் கூடுதல் தழும்புக் கோடுகளும் போட்டவர்களுக்கு இது வரலாம். நான்காவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: ரத்த அழுத்தம், உடல் எடை, குறட்டை நோய், மது இவை மாறாமல் இருந்தால் மேலறைச் சுவரில் நார்த்திசு கூடிக்கொண்டே போகும். வேலி சரியாக இருந்தாலும் வயலே கெட்டுக்கொண்டிருக்கும்.

முதல் 8 வாரம்: எதைக் கணக்கில் எடுப்பது

சிகிச்சைக்குப் பின் வரும் குறிப்பிட்ட காலத்துக்குள் தடுமாற்றம் வந்தால் அதைத் 'தோல்வி' என்று கணக்கிடுவதில்லை. முன்பு இதை 3 மாதம் என்று வைத்திருந்தார்கள். 2024-ல் உலகின் இதயத் துடிப்பு மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட ஒருமித்த அறிக்கை இதை 8 வாரமாகக் குறைத்தது. காயத்தின் அழற்சி, இதய உறையில் எரிச்சல், மேலறையைச் சுற்றியுள்ள நரம்பு முடிச்சுகள் பாதிக்கப்படுவது, தழும்பு இன்னும் முதிராமல் இருப்பது எல்லாம் சேர்ந்து இந்த நாட்களில் இதயத்தைச் சீண்டுகின்றன. முதல் இரண்டு, மூன்று வாரத்தில் வந்து அடங்கிப்போவதற்குப் பெரும்பாலும் கவலை தேவையில்லை. 8-ஆம் வாரத்தை நெருங்க நெருங்க வருவதும், அதைத் தாண்டியும் தொடர்வதும்தான் பின்னாளில் நிலைத்துவிடும் வாய்ப்பு அதிகம் என்பதைச் சொல்கின்றன.

இந்தக் காலத்தில் பயப்பட வேண்டாதவை சில உண்டு. ஓய்வில் உங்கள் துடிப்பு முன்பு 65 என்று இருந்தால் இப்போது 75, 80 என்று இருக்கலாம். துடிப்பை மெதுவாக்கும் நரம்பு இழைகள் சிகிச்சையில் பாதிக்கப்படுவதால் 10 முதல் 15 வரை கூடுவது இயல்பு. பலருக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும். 'ஒரு துடிப்பு விட்டுப்போய் அடுத்தது பலமாக அடிப்பது' பெரும்பாலும் முந்தி விழும் தனித்துடிப்பு. மூச்சை ஆழமாக இழுக்கும்போது நெஞ்சு குத்துவது, முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் குறைவது, முதல் சில நாட்களில் வரும் இதய உறை எரிச்சல். கூடிக்கொண்டே போனால் மட்டும் சொல்லுங்கள்.

தொடை இடுக்கில் ஊசி போட்ட இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் போன்ற பாரம் வேண்டாம். வண்டியை கிக் செய்து ஸ்டார்ட் செய்வதும் கூடாது. இந்திய முறைக் கழிப்பறையில் குந்துவதை முதல் சில நாட்கள் தவிர்த்து, நாற்காலிக் கழிப்பறையைப் பயன்படுத்துங்கள். இல்லாத வீட்டில் கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடலாம். நீலம் பாரித்த தடம் தொடைக்கு இறங்குவது சாதாரணம். துடிக்கும் கட்டி, பெரிதாகும் வீக்கம், கால் சில்லிட்டுப்போவது சாதாரணமல்ல, அன்றே காட்டுங்கள்.

எப்போது 108-ஐ அழைப்பது

படபடப்போடு மயக்கம், நெஞ்சை அழுத்தும் வலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது: இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது. முகம் ஒருபக்கம் கோணுவது, கை விழுவது, பேச்சு குளறுவது பக்கவாதத்தின் அறிகுறி. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நேரம் நாலரை மணி நேரம்தான். உறைவு தடுப்பு மாத்திரையைக் கடைசியாக எத்தனை மணிக்கு விழுங்கினார் என்பதை வீட்டிலுள்ளவர் மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். அந்த ஊசியைப் போடலாமா கூடாதா என்பது அதைப் பொறுத்தது.

இன்னொன்று மிக அரிது, ஆனால் தவறவிட்டால் உயிர் போய்விடும். இடது மேலறையின் பின்சுவரை ஒட்டியே உணவுக்குழாய் போகிறது. வெப்பத்தால் அது புண்ணாகி, இரண்டுக்கும் நடுவே துளை விழலாம். முதல் வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை எப்போது வேண்டுமானாலும் இது தெரியவரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விழுங்கும்போது நெஞ்சுவலி, ரத்த வாந்தி, பக்கவாதம் போன்ற அறிகுறிகள் இருக்கும். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்குவோ வைரலோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அதனால் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடாதீர்கள். யாரிடம் போனாலும் 'இதயத்தில் அப்லேஷன் செய்து இத்தனை வாரம் ஆகிறது' என்று சொல்லுங்கள். சிகிச்சை செய்த இடத்துக்கும் போன் போடுங்கள். சந்தேகம் இருந்தால் எடுக்க வேண்டியது நெஞ்சு சி.டி. ஸ்கேன். எண்டோஸ்கோப்பி செய்யவே கூடாது: அதற்காக ஊதும் காற்று துளை வழியாக இதயத்துக்குள் போய் மூளையை அடைத்துவிடும்.

மாதங்கள் கழித்துத் தொடர் இருமல், சளியில் ரத்தம், நடந்தால் மூச்சிரைப்பு வந்தால் நுரையீரல் சிரை சுருங்கியிருக்கலாம். காசநோய், ஆஸ்துமா என்று வைத்தியம் நீண்டுகொண்டே போகும் முன் சி.டி. எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தடுமாறும்போதே ஈசிஜியைப் பிடியுங்கள்

'நேற்று ராத்திரி படபடத்தது, காலையில் சரியாகிவிட்டது' என்பதை வைத்து எந்த மருத்துவராலும் உறுதியாக முடிவெடுக்க முடியாது. ஏ.எஃப். ஒரு விஷயம், ஃப்ளட்டர் இன்னொன்று, வெறும் தனித்துடிப்பு முற்றிலும் வேறு. மூன்றுக்கும் சிகிச்சை வேறு வேறு. 30 விநாடியாவது நீடித்து ஈசிஜியில் பதிவானால்தான் 'திரும்ப வந்தது' என்று மருத்துவக் கணக்கில் எழுதுவார்கள்.

படபடப்பு தொடங்கியதும் உட்காருங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து முழுதாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் ஒழுங்கற்ற துடிப்பில் கணக்கு தப்பும். ஏ.எஃப்.-இல் சில துடிப்புகள் பலமில்லாமல் மணிக்கட்டுக்கு எட்டாமலேயே போய்விடும். விரல்நுனியில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் அவற்றை விட்டுவிடுவதால் இதயம் 130 ஓடும்போது அது 95 என்று காட்டலாம். எனவே அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ரத்த அழுத்தத்தை ஒரு நிமிட இடைவெளியில் மூன்று முறை எடுத்துச் சராசரி குறியுங்கள். ஒரே தடவை எடுத்தது இந்த நிலையில் நம்பத்தக்கதல்ல.

அடுத்து, அருகில் உள்ள ஏதாவது கிளினிக்கிலோ லேபிலோ படபடப்பு நிற்கும் முன்பே 12 லீடு ஈசிஜி எடுத்துவிடுங்கள். இரண்டாம் லீடை நீளமாக ஓட்டித் தரச் சொல்லுங்கள். பெயர், தேதி, நேரம் தாளில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். ஈசிஜித் தாள் வெப்பத்தில் அச்சாவது, சில மாதங்களில் மங்கிப்போகும். பிளாஸ்டிக் உறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம். அன்றே ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவருக்குப் படம் அனுப்பும்போது தாளை மேசையில் விரித்து, மேலிருந்து நேராக, நிழல் விழாமல், கட்டங்கள் தெரியும்படி எடுத்து, வாட்ஸ்அப்பில் 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிச் சின்ன அலைகள் அழிந்துபோகும். ஃப்ளட்டரா ஏ.எஃப்.-ஆ என்பது அந்தச் சின்ன அலைகளில்தான் இருக்கிறது.

ஈசிஜி எடுக்கும் கைக்கடிகாரம் இருந்தால் மிகவும் உதவும். கையை மேசையில் ஊன்றி, தோல் ஈரமில்லாமல், பேசாமல் 30 விநாடி பிடியுங்கள். கடிகாரம் சொல்லும் தீர்ப்பை விட அது வரைந்த கோடுதான் முக்கியம், பி.டி.எஃப். ஆக எடுத்துச் சேமியுங்கள். துடிப்பு மிக வேகமாகப் போனால் கடிகாரம் 'முடிவு தெரியவில்லை' என்று காட்டலாம். ஃப்ளட்டரை 'சீரான துடிப்பு' என்று தவறாகச் சொல்வதும் உண்டு. நீங்கள் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் துடிப்பு அசையாமல் 150-ஐ ஒட்டியே நிற்கிறது என்றால், கடிகாரம் என்ன சொன்னாலும் ஃப்ளட்டரைச் சந்தேகியுங்கள்.

ஒரு நோட்டில் தொடங்கிய நேரம், நின்ற நேரம், நாடி, அழுத்தம், முந்தைய 24 மணி நேரத்தில் மது, தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு, விட்டுப்போன மாத்திரை இவற்றை எழுதி வையுங்கள். எந்த மாத்திரை எந்தத் தேதியில் நிறுத்தப்பட்டது என்பதும் அதில் இருக்கட்டும். துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சில வாரங்களில் நிறுத்திப் பார்ப்பது வழக்கம்; தடுமாற்றம் தலைகாட்டுவது பல சமயம் அதற்குப் பிறகுதான். அமியோடரோன் மட்டும் விதிவிலக்கு. நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் உடலில் தங்கும். அதை நிறுத்திய அடுத்த மாதமே எடுத்த ஹோல்டர் (உடலில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பதியும் ஈசிஜி) சுத்தமாக இருந்தால் அது மாத்திரையின் வேலையாகவும் இருக்கலாம்.

படபடப்பே இல்லாதவர்களும் 3, 6, 12-ஆம் மாதங்களில் ஈசிஜியும், 24 மணி நேரம் முதல் 7 நாள் வரையிலான ஹோல்டரும் செய்துகொள்ள வேண்டும். அப்லேஷனுக்குப் பிறகு உடலுக்குத் தெரியாமலே வந்துபோகும் ஏ.எஃப்.-இன் பங்கு கூடுகிறது என்பது தோலுக்கடியில் பதிவுக் கருவி வைத்துப் பார்த்த ஆய்வுகளில் தெரிந்த விஷயம்.

அதே சமயம், ஒரு 30 விநாடிப் பதிவைப் பார்த்து இடிந்துபோக வேண்டியதில்லை. 2019-ல் கனடாவில் 346 பேருக்கு இப்படிக் கருவி வைத்துச் செய்த சர்க்கா-டோஸ் ஆய்வில், ஓராண்டில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு பதிவு வந்தது. ஆனால் மொத்தமாக ஏ.எஃப்.-இல் கழித்த நேரம் 98 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தது. முன்பு வாரம் இரண்டு நாள் படுத்தவருக்கு இப்போது மாதம் பத்து நிமிடம் வருகிறது என்றால் சிகிச்சை வேலை செய்திருக்கிறது.

உறைவு தடுப்பு மாத்திரை: இங்கே தவறு நடக்கக் கூடாது

சிகிச்சைக்குப் பின் குறைந்தது 2 முதல் 3 மாதம் எல்லோரும் இதை எடுக்க வேண்டும். புதிய காயத்தின் மேல் ரத்தம் உறைய வாய்ப்பு அதிகம். அதற்குப் பிறகு தொடர்வதா நிறுத்துவதா என்பதை 'இப்போது துடிப்பு சீராக இருக்கிறதா' என்பதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக்குழாய் அடைப்பு, 65 முதல் 74 வயது இவற்றுக்கு ஒவ்வொரு மதிப்பெண். 75 வயது அல்லது அதற்கு மேல் என்பதற்கும், முன்பு பக்கவாதம் வந்ததற்கும் இரண்டு. 2 அல்லது அதற்கு மேல் என்றால் நீண்ட நாள் தொடரவே பரிந்துரைக்கிறார்கள். பெண் என்பதற்காக ஒரு மதிப்பெண் சேர்ப்பதை 2024-ன் ஐரோப்பிய வழிகாட்டி கைவிட்டது. நிறுத்துவது பற்றி உங்கள் ஈ.பி. மருத்துவரோடு (இதயத் துடிப்புக் கோளாறு நிபுணர்) பேசலாம். தானாக நிறுத்துவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

விடாமல் எடுப்பதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. ஏ.எஃப். நிலைத்துவிட்டால் லேசான மயக்கத்தில் மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்குவார்கள். அதற்கு முன் 3 வாரம் ஒரு வேளைகூட விடாமல் மாத்திரை எடுத்திருக்க வேண்டும். பின்பு 4 வாரம் கட்டாயம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனாலும், உணவுக்குழாய் வழியாக எக்கோ எடுத்து ரத்தக்கட்டி இல்லை என்று உறுதி செய்ய வேண்டியிருக்கும், அல்லது மறுபடி 3 வாரம் காத்திருக்க வேண்டும். விட்டதை மறைக்காதீர்கள். கட்டி இருக்கும்போது அதிர்ச்சி கொடுத்தால் அது கிளம்பி மூளைக்குப் போகும்.

வேளை தவறினால்: தினம் இரண்டு வேளை மாத்திரை என்றால் 6 மணி நேரத்துக்குள்ளும், ஒரு வேளை மாத்திரை என்றால் 12 மணி நேரத்துக்குள்ளும் நினைவு வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் விட்டுவிட்டு அடுத்த வேளைக்குப் போங்கள். இரட்டிப்பாக எடுக்கக் கூடாது. ரிவராக்சபான் 20 மி.கி., 15 மி.கி. இரண்டையும் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் சரியாக உடலில் சேராது. டாபிகாட்ரான் குளிகையை உறையிலிருந்து முன்கூட்டியே பிரித்து வாராந்திர மாத்திரை டப்பாவில் போடக் கூடாது, ஈரம் பட்டுக் கெட்டுவிடும். உடைத்தும் விழுங்கக் கூடாது. அபிக்ஸபானில் பாதி அளவு என்பது 80 வயது அல்லது அதற்கு மேல், 60 கிலோ அல்லது அதற்குக் குறைவான எடை, கிரியாட்டினின் 1.5 அல்லது அதற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் மட்டும். நம்மில் 60 கிலோவைத் தாண்டாதவர்கள் ஏராளம். மெலிந்தவர் என்பதற்காக மட்டும் 2.5 மி.கி. எழுதப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும், உலோக வால்வு வைத்தவர்களுக்கும் ரிவராக்சபான், டாபிகாட்ரான், அபிக்ஸபான் என்ற இந்தப் புது மாத்திரைகள் பொருந்தாது. 2022-ல் வெளியான இன்விக்டஸ் ஆய்வு ருமாட்டிக் இதயநோயில் ரிவராக்சபானை விட வார்ஃபரின் போன்ற பழைய வகை மருந்தே மேல் என்று காட்டியது. வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்கள் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைக் கவனிக்க வேண்டும். வால்வு மாற்றாத ஏ.எஃப்.-க்கு 2 முதல் 3. முருங்கைக்கீரையை ஒதுக்கத் தேவையில்லை, வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். அமியோடரோன் சேர்த்தால் ஐ.என்.ஆர். ஏறும், அடுத்த வாரமே பாருங்கள்.

மருந்துக்கடையில் வாங்கும் சாதாரண மாத்திரைகள்தான் அதிகம் கெடுக்கின்றன. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபூபுரோஃபென் எடுத்தால் உறைவு தடுப்பு மாத்திரையோடு சேர்ந்து குடலில் ரத்தம் கசியும். ஜலதோஷ மாத்திரையிலுள்ள ஃபீனைலெஃப்ரின், இழுப்புக்குத் தரும் தியோஃபிலின் வகை இவை துடிப்பைத் தூண்டும். துடிப்பைக் கட்டுப்படுத்த அமியோடரோன் அல்லது சோட்டலால் எடுப்பவருக்கு அசித்ரோமைசின் கொடுத்தால் வேறு வகையான ஆபத்தான துடிப்பு வரலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின் தொடங்கினால் புது வகை மாத்திரைகளின் பலம் குறைந்துவிடும்.

8 வாரம் தாண்டியும் வந்தால்

முதலில் எளிதில் சரிசெய்யக்கூடியவற்றைத் தேடுங்கள். ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டு), பொட்டாசியம், மெக்னீசியம், ஹீமோகுளோபின், கிரியாட்டினின் (சிறுநீரகம்), எச்.பி.ஏ.1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), இவற்றோடு ஒரு எக்கோ. தைராய்டு கூடியிருந்தால் எத்தனை முறை அப்லேஷன் செய்தாலும் நிற்காது. அமியோடரோன் எடுத்தவர்களுக்கு அந்த மருந்தாலேயே தைராய்டு கெடும், எனவே 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். நீர் மாத்திரையோடு வயிற்றுப்போக்கும் வெயிலும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கும். 4-க்குக் கீழ் போகாமல் பார்ப்பது நல்லது.

பிறகு வாழ்க்கைமுறை. இதைச் சம்பிரதாய அறிவுரை என்று தள்ளிவிடாதீர்கள், ஏ.எஃப்.-இல் இதற்கு மாத்திரைக்குச் சமமான ஆதாரம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு குழு 2015-ல் வெளியிட்ட லெகசி ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதம் குறைத்து அதை நிலைநிறுத்தியவர்கள் ஏ.எஃப். இல்லாமல் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட 6 மடங்கு. 85 கிலோ இருப்பவருக்கு அது எட்டரைக் கிலோ. எடை 5 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் பலன் குறைந்தது. மூன்று மாதப் பட்டினியை விட இரண்டு வருட நிதானம் மேல். அதே குழு அப்லேஷன் செய்தவர்களிடம் எடை, அழுத்தம், சர்க்கரை, குறட்டை, மது எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தபோதும் திரும்பி வருவது தெளிவாகக் குறைந்தது.

அந்த ஆய்வில் மதுவுக்கு வைத்த எல்லை வாரத்துக்கு 30 கிராம் ஆல்கஹால். நம்மூர்க் கணக்கில் பார்த்தால், 42.8 சதவீத விஸ்கியோ பிராந்தியோ 60 மி.லி. ஒரு பெக் 20 கிராம். ஒரு குவார்ட்டர் 60 கிராம், அதாவது இரண்டு வார அளவு ஒரே ராத்திரியில். 650 மி.லி. ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் 41 கிராம். 2020-ல் மெல்பர்ன் மருத்துவர்கள் குடிக்கும் பழக்கமுள்ள 140 ஏ.எஃப். நோயாளிகளிடம் செய்த ஆய்வில், நிறுத்தச் சொன்னவர்களில் 53 சதவீதத்துக்கும் தொடர்ந்தவர்களில் 73 சதவீதத்துக்கும் ஆறு மாதத்தில் ஏ.எஃப். திரும்பியது. முழுதாக விட்டுவிடுவதே எளிது, பலனும் அதிகம். காபியைப் பற்றி அப்படிச் சொல்ல ஆதாரமில்லை. காலை டிகிரி காபி குடித்தால் உங்களுக்குப் படபடப்பு வருவதில்லை என்றால் விட வேண்டியதில்லை.

குறட்டையைப் பற்றி நோயாளியிடம் கேட்டுப் பயனில்லை, பக்கத்தில் படுப்பவரைக் கேட்க வேண்டும். குறட்டை நடுவே மூச்சு நின்று, திணறி மறுபடி இழுக்கிறார் என்றால் வீட்டிலேயே ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்யலாம். நோய் உறுதியானால், முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் கருவியை இரவுக்கு 4 மணி நேரத்துக்குக் குறையாமல் மாட்ட வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு இலக்கு 130/80-க்குக் கீழ்.

இரண்டாம் முறை அப்லேஷன்

மாத்திரையில் அடங்காமல் தொல்லை தொடர்ந்தால் இரண்டாவது அப்லேஷனை யோசிக்கலாம். துடிப்பு கட்டுக்கடங்காமல் போனால் தவிர, முதலில் சொன்ன 8 வாரம் முடியும் வரை பொறுப்பது நல்லது. போகும்போது மூன்று காகிதங்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: முதல் சிகிச்சையின் முழு செயல்முறைக் குறிப்பு, தடுமாற்றத்தின் 12 லீடு ஈசிஜி, அண்மைய எக்கோ. டிஸ்சார்ஜ் சம்மரி போதாது. எந்த முறை, எத்தனை சிரை, வேறெங்கே கோடு போடப்பட்டது என்பதெல்லாம் செயல்முறைக் குறிப்பில்தான் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேட்டு வாங்கிவிடுவது உத்தமம்.

இரண்டாம் முறை உள்ளே போனதும் முதலில் வட்ட வடிவக் கருவியை ஒவ்வொரு சிரையிலும் வைத்து மறுபடி கடத்துகிறதா என்று பார்ப்பார்கள். இடைவெளி தெரிந்தால் நல்ல செய்தி: அதை அடைத்துவிட்டால் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். நான்கும் அடைபட்டே இருக்கிறது, இருந்தும் ஏ.எஃப். வருகிறது என்றால்தான் சிக்கல். வேறு தூண்டல் இடங்களைத் தேட வேண்டியிருக்கும், பலனும் குறைவு. 'சிரைகள் எல்லாம் அடைபட்டிருந்தால் அடுத்து என்ன செய்வீர்கள்?' என்ற கேள்வியை முன்கூட்டியே கேளுங்கள். 'நிறையக் கோடு போட்டால் நல்லது' என்ற பதிலை அப்படியே ஏற்க வேண்டாம்: 2015-ல் வெளிவந்த ஸ்டார் ஏ.எஃப். 2 ஆய்வில், நிலைத்துவிட்ட ஏ.எஃப். கொண்ட 589 பேரிடம் சிரைகளோடு கூடுதலாகக் கோடு போட்டதால் திரும்பி வருவது குறையவில்லை. பதிவானது ஃப்ளட்டர் என்றால் கணக்கே வேறு. அந்தச் சுற்றைக் கண்டுபிடித்து அறுத்துவிட முடியும், அதனால்தான் ஈசிஜிக்கு இத்தனை வற்புறுத்தல்.

மேலறை மிகவும் விரிந்து, வருடக்கணக்கில் ஏ.எஃப்.-இல் நிலைத்து, இரண்டு மூன்று முயற்சிக்குப் பிறகும் நிற்காதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. பேஸ்மேக்கர் வைத்துவிட்டு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள ஏ.வி. முடிச்சை எரித்துவிடுவார்கள். பேஸ்மேக்கர் சொல்லும் வேகத்தில் இதயம் சீராக அடிக்கும், படபடப்பும் மூச்சிரைப்பும் அடங்கும். இதைத் திருப்பி எடுக்க முடியாது. அதற்குப் பின் பேஸ்மேக்கரை நம்பியே வாழ வேண்டும், பேட்டரி தீரும் முன் மாற்ற வேண்டும். மேலறை உள்ளே நடுங்கிக்கொண்டேதான் இருக்கும் என்பதால் உறைவு தடுப்பு மாத்திரையும் தொடர வேண்டும்.